எழுத்துக்குள் ஓடிய வெள்ளைக்கோடு

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க சார். சாயங்காலம் மணியடிச்சா வேலை போச்சு. அப்புறம் இந்தத் தொழில்ல எவன் சேர்ப்பான்?"

துப்பறிவாளர் வீட்டு வாசலில் வந்து நின்றவள், பெயர்ப்பலகைப் பட்டறையில் தகரம் வெட்டுகிறவள். பட்டப்பெயர் கத்திரி. தழும்பில்லாத விரல் அவளுக்கு இல்லை. லாரிகளில் பெயர் அடிக்க, தகரத்தில் எழுத்துகளை வெட்டியெடுத்து அவள் செய்த ஸ்டென்சில்தான் வழக்கு. பழைய பாணியில் தடித்த எழுத்துகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு வெள்ளைக்கோடு வளைந்தோடும். "இதை வரைஞ்சது யாரு?" என்று லாரிக் கம்பெனிக்காரர் கேட்டு வந்த அன்றே, பட்டறையில் படம் வரையும் முதலாளியின் மச்சினன், தான் வரைந்ததை இவள் திருடிவிட்டதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருந்தான்.

துப்பறிவாளர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூட வந்த சகலை அவர் காதைக் கடித்தார்: "எனக்கு இவ மேலதான் சந்தேகம். கண்ணு ஒரு இடத்துல நிக்குதா பாருங்க."

"தூங்காத கண்ணு சகல. அப்படித்தான் இருக்கும்."

பட்டறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தகடு அறுக்கும் இயந்திரம் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. முதலாளி தாளையும் தகரத்தையும் மேசைமேல் போட்டார்.

"தாள்ல போன வருஷத் தேதி இருக்கு. அதைப் பார்த்துத்தான் இவ வெட்டியிருக்கா."

"தேதி இருக்கே! முடிஞ்சுது" என்றார் சகலை.

"தேதியை எப்ப வேணாலும் எழுதலாம்."

துப்பறிவாளர் குனிந்தார். தகரத்தில் நடுக்கோட்டிலிருந்து குட்டிக் கால்கள் நீண்டு எழுத்தின் விளிம்பைப் பிடித்திருந்தன. தாளிலும் அதே கால்கள். இரண்டிலும் 'ம'வின் அடியில் மட்டும் இரண்டு கால்கள் நெருக்கியடித்து நின்றன. தகரத்தில் அந்த இடத்தைத் துரு அரித்திருந்தது.

"தம்பி, தகரம் வெட்டுவீங்களா?" என்று மச்சினனைக் கேட்டார்.

"தொட்டதே இல்ல. நமக்குப் பேப்பர், பேனாதான்."

"அப்ப இந்தக் கால் எதுக்கு?"

"அழகுக்கு."

"'ம'வுல மட்டும் ரெண்டு?"

"அதுவும்... அழகுதான்."

துப்பறிவாளர் முதலாளி பக்கம் திரும்பினார். "பேப்பர்ல கோடு தானா நிக்கும். தகரத்துல எழுத்தை வெட்டி எடுத்தா நடுக்கோட்டுக்குப் பிடிமானம் கிடையாது, கீழ விழுந்துடும். அதைத் தாங்கத்தான் கால். பெயிண்ட் அடிச்சதும் அந்த இடைவெளியை பிரஷ்ஷால அடைச்சிடுவாங்க, லாரியில தெரியாது. தகரத்தைப் பக்கத்துல வச்சு வரைஞ்சாத்தான் இந்தக் கால் தாளுக்கு வரும்."

"அவர் ஸ்டென்சிலுக்குன்னே வரைஞ்சிருந்தா?" சகலை விடவில்லை.

"அப்படின்னா கால் எதுக்குன்னு தெரிஞ்சிருக்குமே. 'ம'வைப் பாருங்க. துருப்பிடிச்ச இடம் தாங்காதுன்னு கூட ஒரு கால் விட்டிருக்காங்க. பேப்பர்ல ஏது துரு?"

மச்சினன் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி சரி, விடும்மா. போய் வேலையைப் பாரு."

கத்திரி நகரவில்லை. "எல்லார் முன்னாடியும்தானே திருடின்னு சொன்னாரு?"

மச்சினன் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். இயந்திரச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவள் நடந்துபோய் இயந்திரத்தை அணைத்தாள். வேலையிலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"இப்ப சொல்லுங்க தம்பி."