தம்பி, வெளியே வா

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள், நாயையும் சேர்த்து, நால்வர். சன்னலோர நாற்காலியில் அண்ணன், அதாவது எலிபிடிக்காரருக்குப் பெரியப்பா மகன். சமையலறை வாசற்படியில் அண்ணி. கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார், கடல் தாண்டி வந்த எலிபிடிக்காரர். அவர் காலிடுக்கில், எலிவேட்டை பழகிய அவருடைய டெரியர் நாய்.

"தம்பி, டீ குடிக்கிறியா?" என்றார் அண்ணன்.

நாய் காதை நிமிர்த்தியது.

எலிபிடிக்காரர் சிரித்தார். "அதுக்கும் பேரு தம்பிதாண்ணே. எங்கப்பா வளர்த்த நாய்க்கெல்லாம் அதே பேருதான். நானும் மாத்தலை."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் மட்டும், "எனக்குத் தெரியும்," என்றார்.

அப்பா பிறந்த வீட்டுக்கு எலிபிடிக்காரர் வருவது இதுதான் முதல் தடவை. அப்பா உயிரோடு இருந்தவரை அந்த மண்ணைப் பற்றி வாயே திறந்ததில்லை. போன மாதம் அண்ணனே கூப்பிட்டு, "தரைக்கடியில எலித்தொல்லை, நாயோட வா, வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று கிளம்பிவிட்டார்.

பின்கட்டு அறையில் மரத்தளம். ஓரத்துப் பலகை ஒன்றை அண்ணன் நெம்பி எடுத்தார். பட்டப்பகலில் அந்த ஓட்டைக்குள் மட்டும் இருட்டு அப்பிக்கிடந்தது. எலி குடியிருக்கும் இடத்தில் மூத்திர நெடி மூக்கைத் துளைக்கும். இங்கே அது இல்லை. நமுத்த துணியின் வாடை. யாரோ வெகுநேரம் அடக்கிவைத்து விட்ட மூச்சின் வெதுவெதுப்பு.

"எலி இல்லைபோல இருக்கேண்ணே."

"நாயை விட்டுப் பாரேன்."

தம்பி பொய் சொல்லாத நாய். பொந்தில் உயிருள்ளது இருந்தால் ஒரே இடத்தில் நின்று, விடாமல் குரைக்கும். செத்தது கிடந்தால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு அது உள்ளே போயிற்று. நகங்கள் பிறாண்டும் ஓசை தேய்ந்தது.

குரைத்தது. ஒரே இடத்தில் நின்று, விடாமல்.

சட்டென்று நின்றது.

அதற்குப்பின் வந்த ஓசைக்கு எலிபிடிக்காரர் காதைச் சாய்த்தார். மரத்தில் வால் அடிக்கும் ஓசை. டப், டப், டப். அவரைத் தவிர வேறு யாரிடமும் அது வாலாட்டியதில்லை.

நேரம் போயிற்று. நாய் வரவில்லை.

"கூப்பிடு," என்றார் அண்ணன், காதோரமாக. "வழக்கமா எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே கூப்பிடு."

எலிபிடிக்காரர் குப்புறப் படுத்து ஓட்டையில் வாயை வைத்தார். அச்சு அசல் அப்பா குரல் அவருக்கு.

"தம்பி, வெளியே வா. போகலாம்."

நாய் வந்தது. உடம்பெல்லாம் தூசி. நெற்றியில் மட்டும், யாரோ தடவித் தடவிக் கொடுத்தாற்போல, மயிர் வழவழவென்று படிந்திருந்தது. வெளியே வந்ததும் அவரிடம் நிற்காமல் தெருவுக்கு ஓடிற்று.

பலகை கிறீச்சிட்டது.

இன்னொரு பலகை.

அவருடைய சட்டை நுனியைச் சின்னதாக ஏதோ பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே இது?"

அண்ணனின் முகத்தில் சுமை இறங்கிய களை. "உங்கப்பாவோட தம்பி. நம்ம சின்ன சித்தப்பா. கலவரத்தப்ப உங்கப்பாதான் அவனை இதுக்குள்ள ஒளிச்சு வச்சாரு. 'நான் வந்து கூப்பிடற வரைக்கும் வராதே, போயிட்டு வந்துடறேன்'னாரு. போனவரு போனவருதான். கலவரம் அடங்கினப்புறம் பலகையைப் பிரிச்சு எங்கப்பாதான் எடுத்து அடக்கம் பண்ணாரு. உடம்பைத்தான் எடுக்க முடிஞ்சுது."

"எலின்னு சொன்னீங்களே!"

"எலின்னாத்தானே வருவே? நாங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். அந்தக் குரலுக்குத்தான் அசையும்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கொழுந்தனாரே," என்று முணுமுணுத்த அண்ணி, முன்கூட்டியே திறந்து வைத்திருந்த வாசல் கதவைப் பார்த்தாள்.

ஊர் திரும்பியபின் எலிபிடிக்காரர் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நாய் வீட்டுக்குள் வருவதில்லை. கேட்டுக்கு வெளியே படுத்துக்கொள்கிறது. தேதியிட்டு, நலம் விசாரித்து, 'உங்கள் வீட்டில் இப்போது நிம்மதியாக உறங்குவீர்கள். பெற்றவரும் ஏமாற்றினார், கூடப்பிறந்தவர் போன்ற நீங்களும் ஏமாற்றினீர்கள். இனி எனக்கு அங்கே யாரும் இல்லை' என்று முடித்தார். உறையை ஒட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டுப் பக்கம் பார்த்து, பழக்க தோஷத்தில் சொன்னார்:

"தம்பி, இங்கேயே இரு. போயிட்டு வந்துடறேன்."

கட்டிலுக்கடியிலிருந்து சன்னமாக ஒரு குரல்.

"அன்னிக்கும் இதையேதானே சொன்னே, அண்ணா?"

மறுகணம் அவர் சட்டை நுனி இறுகியது.

தபால்காரர் தெருவில் வந்தபோது, சன்னல் கம்பி வழியே கையை மட்டும் நீட்டிக் கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். கேட்டுக்கு வெளியே நாய் எழுந்து, வீட்டைப் பார்த்து, ஒரே இடத்தில் நின்று, விடாமல் குரைத்தது.