தொண்ணூற்று நான்கு இதயங்களும் ஒரு கேள்வியும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சீப்புவிடம் யாரும் பேசக் கூடாது. பேசினாலும் அவள் காதில் ஏறாது.

சீப்புவுக்கு வயது பத்து. அப்பா சலூன் வைத்திருக்கிறார். ஊரில் உள்ள தலைகளை எல்லாம் அழகாக்கும் அப்பாவால் சொந்த மகளின் தலையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலையில் வாரிவிட்டால் பத்தே நிமிடத்தில் பழையபடி சிலுப்பிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

பேச்சுமூச்சு இல்லாமல் அவள் காத்திருந்தது 'எழுத்துக்கூடு' பட்டியலுக்காக. எழுத்துக்கூடு என்பது சிறுவர்கள் கதை எழுதும் ஓர் இணையதளம். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது, புனைபெயர்தான். ஒவ்வொரு கதைக்கும் கீழே ஓர் இதயப் படம் இருக்கும். பிடித்தவர்கள் அதை அமுக்கலாம். அந்த வாரம் எந்தக் கதைக்கு அதிக இதயங்களோ, அது சனிக்கிழமை எட்டு மணிக்கு முகப்பில் 'முதல் பத்து' பட்டியலில் வந்து உட்காரும்.

எட்டு அடித்தது. பட்டியல் வந்தது.

"அம்மா! நான்தான் முதல்! மூணாவது வாரமும் நான்தான்!"

அம்மா பேருந்து நடத்துநர். சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். 'மீசை காணாமல் போன ராஜா. எழுதியவர்: சீப்பு. இதயங்கள்: 94.'

"அடேயப்பா! அடுத்த வாரமும் வந்தா தங்க இறகு குடுப்பாங்கல்ல?"

"ஆமாம்மா. நாலு வாரம் தொடர்ந்து முதல்ல வந்தா, பேருக்குப் பக்கத்துல தங்க இறகு மின்னிக்கிட்டே இருக்கும்!"

அம்மா தன் செல்பேசியை அவளிடமே விட்டுவிட்டு, அவள் கன்னத்தைக் கிள்ளி, வேலைக்குக் கிளம்பினார். அப்பா அதற்கு முன்பே கடைக்குப் போய்விட்டார். சீப்பு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தன் கதையைத் தானே ஒருமுறை ரசிக்கலாம் என்று திறந்தாள். ஒரு வாரமாக அவள் இதயங்களின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைத் திறக்கவே இல்லை.

ராஜா தூங்கி எழுந்தார். கண்ணாடி பார்த்தார். மீசையைக் காணோம். அரண்மனையே அல்லோலகல்லோலப்பட்டது. தளபதி கட்டிலுக்கு அடியில் தேடினார். மந்திரி பலகாரப் பானைக்குள் தேடினார், கொஞ்சம் அதிக நேரமே தேடினார். கடைசியில் மாடியறையில் ஏதோ சத்தம். ராஜா கதவில் கை வைத்தார்.

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

சீப்பு மேலே போனாள், கீழே வந்தாள். திரையைத் தட்டியும் பார்த்தாள். கதையின் பாதியைக் காணோம்!

எப்படி என்று யோசித்ததும் புரிந்துவிட்டது. அவள் கதையை அம்மாவின் செல்பேசியில் தட்டி, இரண்டு துண்டாக அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். கதையை எழுத்துக்கூட்டில் ஏற்றுவது அப்பாவின் வேலை. அவர் முதல் துண்டை ஏற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டார்.

'அது போகட்டும்' என்று நினைத்தவளுக்கு அடுத்த நொடி சுருக்கென்றது. தொண்ணூற்று நான்கு பேர் இதயத்தை அமுக்கியிருக்கிறார்கள். முடிவே இல்லாத கதைக்கு! ஒருவருக்குக் கூடவா சந்தேகம் வரவில்லை?

கருத்துகளைப் படித்தாள். 'சூப்பர்.' 'அருமை.' 'வாழ்த்துகள் பாப்பா.' 'முடிவு பிரமாதம்.'

"எந்த முடிவு?" என்று சீப்பு வாய்விட்டே கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு கருத்து வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் பெயர் 'ஈரக்குடை'.

'கதவுக்குப் பின்னாடி யார் இருந்தா? மூணு நாளா யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்துல கணக்கு வகுப்புலயும் யோசிச்சு, டீச்சர் கேட்ட கேள்விக்கு "மீசை"னு சொல்லிட்டேன். தயவு செஞ்சு சொல்லிடுங்க.'

சீப்புவுக்குச் சிரிப்பு வந்தது. யார் இந்த ஈரக்குடை? பெயரைத் தட்டினாள். பதினான்கு கதைகள் இருந்தன. கடைசியாக எழுதியதற்கு முழுப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது இடம். இதயங்கள் சைபர்.

அந்தக் கதையின் தலைப்பு, 'சிவப்பு விளக்குக்கு ஜலதோஷம்'. நாற்சந்தியில் நிற்கும் சிக்னல் விளக்குக்குச் சளி பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் சிவப்பு பச்சையாகிவிடுகிறது. நான்கு பக்க வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பி, நடுவில் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன. போக்குவரத்துக் காவலர் ஏணி வைத்து ஏறி, விளக்கின் கழுத்தில் தன் மப்ளரைச் சுற்றிவிடுகிறார்.

சீப்பு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த கதையைப் படித்தாள். அதற்கடுத்ததையும் படித்தாள். பல் தேய்க்க மறந்து பத்து மணிவரை படித்தாள். 'என் கதையைவிட இதெல்லாம் நல்லா இருக்கே' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது சொன்னது உண்மை.

பக்கத்தின் அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது.

'பதினாலு கதை எழுதிட்டேன். யாரும் வரல. நான் நல்லா எழுதலைன்னு நினைக்கிறேன். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லாத்தையும் அழிச்சிட்டு கூட்டைக் காலி பண்ணப் போறேன்.'

சீப்பு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

அங்கே தையல்காரர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் செல்பேசியோடு நின்றார்.

"அண்ணே, துணிக்குள்ளேருந்து ஒரே ஒரு விரலை நீட்டுங்க. இந்த இதயத்து மேல ஒரு அமுக்கு. நம்ம பொண்ணு கதை."

"இது போன வாரமே அமுக்கினதுதானேப்பா?"

"அது என் போன்ல. இது உங்க போன்."

தையல்காரர் சமர்த்தாக விரலை நீட்டினார்.

தொண்ணூற்று நான்கு எங்கிருந்து வந்தது என்று சீப்புவுக்கு இப்போது விளங்கியது. அவள் நேராகப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, என் கதையில ராஜாவோட மீசை கடைசியில எங்க இருந்துச்சு?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "எங்க இருக்கும்... மூக்குக்குக் கீழதான்!"

தையல்காரர் சிரித்தார். சீப்பு சிரிக்கவில்லை.

"நீங்க ஏத்தினதுல பாதிக் கதைதான்ப்பா இருக்கு. முடிவே இல்ல. நீங்களும் படிக்கலையா?"

கத்தரிக்கோலின் சத்தம் நின்றது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"கண்ணு... கடையில கூட்டம். அப்புறமா நிதானமா படிக்கலாம்னு வெச்சேன். நீ முதல்ல வரணும்னுதானே இவ்வளவும்? நான் யாரையும் ஏமாத்தலையே. அவங்க விரல், அவங்க அமுக்குறாங்க."

அப்பா சொன்னதும் சரி மாதிரிதான் இருந்தது. ஆனால் சீப்பு திரும்பி வீட்டுக்கு நடந்தாள். தொண்ணூற்று மூன்று பேர் படிக்காததில் அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்தத் தொண்ணூற்று நான்காவது ஆள் அப்பாவாக இருந்ததுதான் வலித்தது.

மத்தியானம் சாப்பிட வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அம்மா, அந்தப் பட்டியல் நியாயமா இல்லையா?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "என் பஸ்ல காலையில எள் போட்டா எள் விழாது. அதனால என் பஸ் நல்ல பஸ்னு சொல்லிட முடியுமா? அதுல பாதி சீட்டு கிழிஞ்சிருக்கு. அந்த நேரத்துக்கு வேற பஸ் இல்ல, அதான் கூட்டம்."

"அப்போ பட்டியல் பொய்யா?"

"பொய் சொல்லலையே. எத்தனை பேர் ஏறினாங்கன்னு மட்டும் சொல்லுது. நீதான் அதுக்கு மேல நெனச்சுக்கிட்ட."

அம்மா கிளம்பிப் போனபிறகு சீப்பு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரக்குடையின் கதைக்கும் அப்பாவை வைத்து இதயம் வாங்கித் தரலாம். அது சுலபம். ஆனால் ஈரக்குடை கேட்டது இதயம் இல்லையே. 'யாரும் வரல' என்றுதானே எழுதியிருந்தது? ஆள் வர வேண்டும். வந்து படிக்க வேண்டும்.

சலூனில் உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள்? எதிரே கண்ணாடி. கண்ணாடியில் அவரவர் மூஞ்சி. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பாவம்!

சீப்பு துள்ளி எழுந்தாள்.

சாயங்காலம் முழுக்கக் கடையின் மூலையில் உட்கார்ந்து, ஈரக்குடையின் மூன்று கதைகளைப் பெரிய தாள்களில் கொட்டை எழுத்தில் எழுதினாள். விரல் வீங்கியதுதான் மிச்சம் என்று நினைக்கும்போது, அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டினார். நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்து, கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

"இந்த வாரம் போனைக் காட்டாதீங்கப்பா," என்றாள் சீப்பு.

"தங்க இறகு?"

சீப்பு பேனாவின் மூடியைப் போட்டாள். "பரவால்ல," என்றாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சலூன் திருவிழா மாதிரி இருக்கும். முதலில் உட்கார்ந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். பெரிய மீசைக்காரர். பள்ளியில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. துணியைப் போர்த்தியதும் வேறு வழியில்லாமல் கண்ணாடியைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. காவலர் ஏணியில் ஏறிய இடத்தில் நாற்காலியே குலுங்கியது.

"சார், ஆடாதீங்க, காது போயிடும்!" என்று அப்பா கத்தினார்.

பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சார், நீங்க மட்டும் சிரிச்சா எப்படி? சத்தமா படிங்க!"

ஆசிரியர் மைதானத்தில் கத்தும் குரலில் படித்தார். கடையே சிரித்தது. தெருவில் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "அந்த மப்ளரைத் திருப்பிக் குடுத்துச்சா, இல்லையா?" என்று கேட்டார்.

சீப்பு இதற்காகத்தான் காத்திருந்தாள். ஈரக்குடையின் பக்கத்தைத் திறந்து செல்பேசியை நீட்டினாள். "மாமா, இதை எழுதினவங்களையே கேளுங்க. இந்தப் பக்கத்துல எழுதலாம்."

"இதயத்தை அமுக்கணுமா பாப்பா?"

"அது உங்க இஷ்டம். கேள்வி மட்டும் எழுதிடுங்க."

தபால்காரர் எழுதினார். ஆசிரியர், 'வெயில் காலத்தில் விளக்குக்கு வியர்க்குமா?' என்று எழுதினார். பேக்கரிக்காரர், பேரனோடு வந்த தாத்தா, முடி வெட்ட அடம்பிடித்த வாண்டு ஒன்று என்று மாலைக்குள் பதினொரு பேர் எழுதினார்கள். கடைசியாகச் சீப்பு எழுதினாள்.

'கதவுக்குப் பின்னாடி யாருன்னு என் பக்கத்துல இப்போ போட்டிருக்கேன். அப்பா மறந்துபோன மீதிப் பாதி. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. கூட்டைக் காலி பண்ணாதீங்க, பிளீஸ்.'

ஐந்து மணி. ஆறு மணி. பதில் இல்லை. அழித்துவிட்டார்களோ? சீப்பு பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஆறரைக்கு வந்தது.

'எங்க வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு உங்க கேள்வியெல்லாம் படிச்சுக் காட்டினேன். எங்க அக்கா நம்பவே இல்ல. மப்ளர் பத்தி நானே யோசிக்கல! காலி பண்ண நேரமில்ல. பதில் எழுதணும், பதினைஞ்சாவது கதையும் எழுதணும். சீப்பு, உங்க முடிவைப் படிச்சிட்டு, குடிச்சிட்டிருந்த தண்ணி மூக்கு வழியா வந்துடுச்சு.'

சீப்பு நாற்காலியில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றினாள். சலூன் நாற்காலி எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றும்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. முதலிடத்தில் வேறு யாரோ. அவர்கள் வீட்டிலும் ஏதாவது கடை இருக்கலாம், அல்லது கதை உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். படித்துப் பார்த்தால்தானே தெரியும்? சீப்பு அதைப் படிக்கலாம் என்று குறித்து வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

அப்பா செல்பேசியைக் கையில் வைத்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். முதல் பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி, விரலால் தள்ளிக்கொண்டே போனார். அறுபத்து மூன்றாவது இடத்தில் நின்றார். 'மீசை காணாமல் போன ராஜா: மீதிப் பாதி.' இதயங்கள் நான்கு.

அப்பாவின் விரல் இதயத்துக்குப் போகவில்லை. கதையைத் திறந்தது. அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். சீப்பு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். தையல்காரர்தான். பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் உட்கார்ந்திருந்தார். "என் தலை?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ராஜா இப்பத்தான் கதவைத் திறக்கிறார்."

கதவுக்குப் பின்னால் குட்டி இளவரசி இருந்தாள். ராஜாவின் மீசையைத் தன் பொம்மைக்கு ஒட்டிவிட்டு, அதைக் கட்டிப்பிடித்துக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். ராஜா சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, "இனிமேல் இந்த நாட்டில் ராஜாவுக்கு மீசை கிடையாது" என்று அறிவித்துவிட்டார்.

அப்பா 'களுக்'கென்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அந்தப் பொம்மைக்கு மீசை நல்லா இருந்துச்சா?"

சீப்பு எழுதிய கதையைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. அவள் பெஞ்சில் ஏறி அமர்ந்து, பதிலை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். தையல்காரர் தன் பாதித் தலையை மறந்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.