இளநங்கை செய்த சபதம்

தென்பெண்ணைக் கரையில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. கீழ்வானில் எழுந்த முழுமதி ஆற்றுநீரில் வெள்ளியை உருக்கி வார்க்க, அக்கரையில் பற்றியெரிந்த மன்னர் மழவராயரின் பாசறைக் கூடாரங்களோ அந்த வெள்ளியில் செந்நிறத்தைக் கலந்துகொண்டிருந்தன. இக்கரை மண்டபத்தில் கூடிநின்ற பெண்டிரெல்லாம் கதறியழ, இளநங்கை மட்டும் அழவில்லை. அன்பார்ந்த வாசகர்களே, அவள் கல்நெஞ்சக்காரி அல்லள். மன்னர் எந்தக் கூடாரத்தில் தங்குவார் என்று பகைவரின் ஒற்றனுக்குச் சொல்லியனுப்பியவளே அவள்தான்! தோற்கப்போகும் போரில் தன் கணவன் கொற்றங்குமரனின் உயிருக்கு ஊறு நேரக்கூடாது என்பதொன்றே அவள் அதற்குக் கேட்ட விலை.

விலை கிடைத்துவிட்டது. ஆற்றைக் கடந்து வந்த குதிரையிலிருந்து, உடம்பில் ஒரு கீறலுமின்றி இறங்கினான் கொற்றங்குமரன்.

"சுவாமி! பிழைத்து வந்தீர்களே!" என்று ஓடிச்சென்று அவன் மார்பில் சாய்ந்தாள்.

"மன்னர் மாண்டார், நங்கை. அவர் அருகே போகவொட்டாமல் பகைவர் என்னை மடக்கிப் பிடித்தார்கள். ஏனோ கொல்லாமல் விட்டுவிட்டார்கள்."

"தெய்வம் காத்தது! வாருங்கள், இப்போதே என் தந்தையின் ஊருக்குப் போய்விடலாம்."

அவன் அசையவில்லை.

"வெறும் குதிரைவீரன் என்று உன் தந்தையிடம் பொய் சொல்லி உன் கரம்பற்றினேன். நான் வேளைக்காரன், நங்கை. மன்னர் உயிர்நீத்தால் அன்றே என் தலையை நானே அரிந்து கொடுப்பதாகக் கொற்றவையின் முன் ஆணையிட்டவன். வேளைக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? உன்னை இழக்க மனமில்லாமல் மறைத்துவிட்டேன். பொறுத்தருள்வாய்."

ஐயோ, ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால், அந்த மன்னரைக் கண்ணை இமை காப்பதுபோல் இளநங்கையே காத்திருப்பாளே! பாவி மகள், கணவனைக் காப்பதாக எண்ணி அவன் கழுத்துக்குத் தானே வாளைத் தீட்டிக் கொடுத்திருந்தாள்.

"ஒரே ஒரு குறை" என்றான் கொற்றங்குமரன். "கூடாரத்தைக் காட்டிக்கொடுத்த துரோகி யாரென்று அறியாமல் போகிறேன். தேடிப் பழிதீர்ப்பதாக எனக்குச் சத்தியம் செய்து கொடு."

உண்மை அவள் நாநுனிவரை வந்தது. சொன்னால் அவன் அவளை வெறுத்துக்கொண்டே சாவான். அதைத் தாங்க அவளால் முடியாது. நீட்டிய அவன் கையில் தன் கையை வைத்தாள்.

"கொற்றவை மீது ஆணை. அந்தத் துரோகி நாளைச் சூரியனைக் காணமாட்டாள். பெண்ணொருத்தி என்பது மட்டும் எனக்குத் தெரியும்."

கொற்றங்குமரனின் முகம் தெளிந்தது. தன் குறுவாளை அவளிடம் தந்துவிட்டு, உருவிய வாளுடன் கொற்றவை கோயிலை நோக்கி நடந்தான். அவன் உருவம் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, இளநங்கை தன் சத்தியத்தைக் காப்பாற்றினாள்.