ஆள் இரண்டு

பதிவேட்டை அழுத்திப் பிடித்திருந்த இடது கையை எடுத்தபோதுதான் செண்பகவல்லி பார்த்தாள், உள்ளங்கையில் நீல மை அப்பியிருந்தது. அவள் பேனா கசியவில்லை. அவளுக்கு மேலே இருந்த வரிதான் ஈரமாக இருந்திருக்கிறது. யாரோ ஒரு நிமிஷம் முன்னால்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பெண்கள் காத்திருக்கும் அந்த அறையில் அவளையும் மகளையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

கலைந்துபோன எழுத்தைக் குனிந்து படித்தாள். மாடம்மாள். போகும் வண்டி, செங்கோட்டை பாசஞ்சர். ஆள், இரண்டு.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் தங்கப்பன். காத்திருப்பு அறைக்குப் பொறுப்பு அவன்தான். ஒரு காக்கிச் சட்டை, ஒரு சாவிக்கொத்து, திருவனந்தபுரம் ஸ்டேஷனையே மாமனார் சீதனமாக எழுதிக் கொடுத்தது போன்ற ஒரு தோரணை.

“வண்டி மாறிப் போற கனெக்ஷன் சீட்டு அல்லே அம்மா? அப்ப பயப்படண்டா. மெயில் பிளாட்பாரத்துல வந்ததும் நான் வந்து விளிக்கேன். கனெக்ஷன்காரங்க ஏறி இருந்த பொறவுதான் மத்தவங்களுக்குப் பிளாட்பாரக் கேட்டு திறக்கும். ஒண்ணு மட்டும், எழுதின கணக்குக்கு ஆள் சரியா இருக்கணும், கேட்டோ. ரெண்டுன்னா ரெண்டு. கொறஞ்சா ஏத்த மாட்டேன், கூடினாலும் ஏத்த மாட்டேன்.”

ஒற்றை ஆளாக வந்து நான்கு பேர் என்று எழுதி, முதலில் ஏறித் துண்டு விரித்து, அந்த இடங்களை விற்ற கெட்டிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால் வந்த சட்டம்.

“ரெண்டுதான் அண்ணாச்சி. நானும் மகளும்.” சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள், “செங்கோட்டை வண்டி இங்க இருந்து உண்டா?”

“எங்க உண்டு? அந்தச் சின்ன லைனைப் பறிச்சுப் போட்டு அஞ்சாறு வருஷமாச்சு. இப்ப கொல்லத்துல போயாக்கும் மாறணும். எதுக்கு கேக்கீங்க?”

“சும்மாதான்,” என்றாள். பதிவேட்டை அவனிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ள அவளுக்கு அன்று தெம்பில்லை. ஏற்கெனவே மடி நிறைய பயம்தான்.

மகள் முத்தாரம்மாளுக்கு ஏழு வயது. இதயத்தில் ஓட்டை. நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தேதி தவறினால் அடுத்த தேதி ஏழு மாதம் கழித்து. ஏழு மாதம் தாங்குமா என்று நாகர்கோவில் டாக்டரிடம் கேட்டதற்கு, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தம் கொடுக்கவும் அறை பிடிக்கவும் புருஷன் நயினார் இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டான். காலையில் காட்பாடியில் வந்து நிற்பான். நாகர்கோவில் வண்டியில் வந்து இறங்கியாயிற்று, மாலை ஐந்தரை மெயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும். இந்த மூச்சை வைத்துக்கொண்டு பிள்ளையால் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வர முடியாது. அதனால்தான் அந்தக் கனெக்ஷன் சீட்டைத் தாலியோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆனி மாத மழை, பகல் மூன்று மணியை அந்தி போல ஆக்கிவிட்டது. ஓட்டிலிருந்து தகரத்திலும் தகரத்திலிருந்து சிமெண்டிலும் விழுந்து, ஊரின் மற்ற எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டு, கடைசியில் அறைக்குள்ளேயே பெய்வது போல அது இரைந்துகொண்டிருக்க, மின்சாரம் போனது. மேலே மின்விசிறி நாலைந்து சுற்று தானாகவே சுற்றி, நிற்க மனமில்லாமல் நின்றது. பிறகு ஒரு வாடை வந்தது. ஈர ஜமுக்காள வாடை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. கரிப்புகை. இந்த ஸ்டேஷனில் இப்போது கரி எஞ்சின் கிடையாது. ஆனாலும் கண் கரிக்கும் அளவுக்கு, இப்போதுதான் ஒரு வண்டி வந்து நின்றது போல, ஜன்னல் கம்பிவலை வழியாக அந்த வாடை வந்துகொண்டே இருந்தது.

செண்பகவல்லி தைத்த மஞ்சள் கவுனோடு முத்து அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். செண்பகவல்லி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக அவளுக்கு வேறு வேலை கிடையாது. மூச்சை எடுக்கும், நடுவில் ஒரு சின்னத் தடங்கல், முள்ளில் துணி மாட்டிக்கொண்டாற்போல, பிறகு விடும். அந்தத் தடங்கல் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். கேட்டுக்கொண்டே இருந்ததில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மடி காலியாக இருந்தது.

மூச்சு மட்டும் கேட்டது. அந்தத் தடங்கலோடு. அறையின் அந்தக் கோடியிலிருந்து.

“முத்து!”

“இங்கதாம்மா நிக்கேன்.”

குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். அவள் முழங்காலுக்கு எதிரே முத்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் இவள்? வாசலைத் தாண்டி வந்திருந்தால் செண்பகவல்லியின் காலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் சேலை முந்தியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த தரை காய்ந்திருந்தது.

“எங்க போறிய மக்களே?” நம் ஊர்ப் பேச்சுதான். அது ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

“வேலூருக்கு. பிள்ளைக்குச் சுகமில்ல. நீங்க?”

“செங்கோட்டைக்கு. ஏத்த மாட்டேங்கான். எழுதுனது ரெண்டு, நிக்கது ஒண்ணுங்கான். கேட்டுல அப்பிடி ஒரு தள்ளு. கையைப் பிடிச்சிட்டுத்தான் நின்னேன். விட்டுப்போச்சு.”

“யாரு கையை?”

அந்தப் பெண் முத்துவின் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சாலைக் கடைத்தெருவில் பாவாடைக்குத் துணி எடுக்கிறவள் கண்ணாலேயே அளவு பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இதே உசரந்தான்,” என்றாள்.

செண்பகவல்லி பாய்ந்து போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வெடுக்கென்று இழுத்ததற்கு அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் தங்கப்பனின் குரல் கேட்டது. “மெயிலு வந்தாச்சு! கனெக்ஷன்காரங்க வாங்கோ!” அந்தக் குரலைக் கேட்டதும் அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. டிரங்குப் பெட்டியை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

படியில் கால் வைக்கும்போது முத்து திரும்பினாள். நன்றாக வளர்த்த பிள்ளை.

“வரேன் சித்தி.”

எல்லா வீட்டிலும் பிள்ளைகள் போயிட்டு வரேன் என்று சொல்வார்கள். இந்த வீட்டில் அது கிடையாது. நோய்ப் பிள்ளையின் வாயில் ‘போ’ என்ற எழுத்தே வரக்கூடாது என்று, மூன்று வயதிலிருந்து அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் செண்பகவல்லிதான். பள்ளிக்கூடம் கிளம்பினாலும் வரேன், அடுத்த வீட்டிலிருந்து எழுந்தாலும் வரேன். வெறும் வரேன். கேட்கிறவர்கள் விஷயம் தெரிந்து, போயிட்டு வா மக்களே என்று தாங்களே அதை நிரப்பிச் சொல்லி அனுப்புவார்கள்.

உள்ளே இருட்டில் பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கும் சத்தம்.

“வா,” என்றாள் அவள்.

அவ்வளவுதான். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா? முடியாது.

தங்கப்பன் பதிவேட்டில் விரலை ஓட்டினான். “செண்பகவல்லி, ரெண்டு. சரி.” விரல் ஒரு வரி மேலே போய் நின்றது. “இது ஆரு எழுதினது?” அறைக்குள் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்த வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தவன், அடிக்காமல் மூடினான். “வேகம் வாங்கம்மா,” என்றான். தோரணை எல்லாம் எங்கோ போயிருந்தது.

பிளாட்பாரத்து இரும்புக் கேட்டின் முன்னால் ஜனம் நெருக்கியடித்து நின்றது. தங்கப்பன் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கேட்டைத் திறந்து, “கனெக்ஷன், கனெக்ஷன்” என்று கத்தினான். “ஞங்ஙளெந்தா மனுஷரல்லே?” என்று, தாங்கள் மட்டும் மனிதர் இல்லையா என்ற ஆத்திரத்தில், ஒருவன் பதிலுக்குக் கத்தினான். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். கேட் முழுதாகத் திறந்துகொண்டது.

தள்ளு. முழங்கைகள். ஈரக் குடைகள். பெட்டி யார் காலிலோ இடித்தது. கரிப்புகை, மறுபடியும், இந்தத் திறந்தவெளியில்.

கை நழுவியது.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி.

“அம்மா!”

“முத்து! மக்களே!” குனியவும் முடியவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். சின்ன விரல்கள் கையில் தட்டின. பற்றிக்கொண்டாள். ஜில்லென்று இருந்தன. அவள் பிடித்ததைவிட அவை அவளை இறுக்கமாகப் பிடித்தன. இழுத்துக்கொண்டு ஓடினாள். பொதுப்பெட்டி. படி. யாரோ திட்டினார்கள். திட்டிக்கொள்ளட்டும். ஜன்னலோரம் ஒரு இடம்!

உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இடம் கிடைத்துவிட்டது. நாளைப் பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாம். என் பிள்ளை பிழைத்துவிடும். பெட்டிக்குள் இன்னும் விளக்குப் போடவில்லை. பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது, தலையிலிருந்து கால் வரை நனைந்து, சட்டையின் நிறமே தெரியவில்லை. முந்தியால் முதுகைத் துடைத்துவிட்டபடி, பழக்கத்தில், மூச்சைக் கேட்டாள்.

மூச்சை எடுத்தது. விட்டது.

எடுத்தது. விட்டது.

செண்பகவல்லியின் கை நின்றது. இன்னொரு தரம் கேட்டாள். தடங்கல் இல்லை. மெல்லப் பிள்ளையின் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். டக், டக், டக் என்று அடித்தது. ஓட்டையில்லாத நெஞ்சு. எந்த டாக்டரும் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் நெஞ்சு.

முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

மறுபக்கம் தண்டவாளம் கிடையாது. புல் வளர்ந்த வெறும் மேடுதான். அந்தப் புல்லின் மேல் சின்ன வண்டி ஒன்று நின்றது. பெட்டிகளெல்லாம் ஒடுங்கி, பழுப்பேறி, ஜன்னல்களில் மங்கிய விளக்கு. முக்காடு போட்ட ஒருத்தி படியேறிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் போட்ட பிள்ளையை முன்னால் தூக்கி ஏற்றிவிட்டு ஏறினாள். கவுனில் செண்பகவல்லியே தைத்த இடுப்புப் பட்டி அவிழ்ந்து தொங்கியது.

“முத்து!” எழுந்திருக்கப் பார்த்தாள். மடி அசையவிடவில்லை. “சங்கிலியை இழுங்க! என் பிள்ளை! யாராவது இழுங்க!”

எதிரே இருந்த கிழவி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “பிள்ளை மடியிலதானே இருக்கு அம்மா?”

இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே கிளம்பின. கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. எதிர் ஜன்னலில் முத்துவின் முகம் வந்தது. நீலம் பாரித்த உதடுகள். கம்பிக்கு வெளியே அவள் கையை நீட்டினாள். செண்பகவல்லியும் நீட்டினாள். தோள் கம்பியில் நசுங்கியது. விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் நடுவே ஒரு சாண். மழை. அரைச் சாண். முத்துவின் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மூச்சு போதவில்லை அவளுக்கு. பக்கத்தில் இருந்தவள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், பதனமாக, பெற்றவளைப் போல. ஒரு தரம்கூட இந்த வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடு வளைந்தது. சின்ன வண்டி வளைந்தது. ஒரு சாண், ஒரு முழம், ஒரு ஆள் தூரம்.

மடியிலிருந்த பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. செண்பகவல்லியின் நீட்டிய கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சேலையில் துடைத்து, தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டது.

“சாரல் அடிக்கும்மா,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஷட்டரை இறக்கியது.