எதிர்க்கொடிக்காரர்

காலை ஆறு மணிக்கு அம்சவேணி தன் மிதக்கும் வீட்டில், ஆள் உயிரோடு இருப்பதைப் பதியும் இருப்புமானியில் உள்ளங்கையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தரங்கம்பாடித் துறைமுகத்தின் பாதி, இன்னும் ஒரு நாளைக்கு அவளை வேலைக்கு வைத்த நாட்டுக்குச் சொந்தம்.

மறுபாதியை ஐம்பது மீட்டர் தள்ளி மிதந்த இன்னொரு வீடு பிடித்துவைத்திருந்தது. ஊர் கடலுக்குள் போய் நாற்பது வருடம் ஆகிறது. கடலடியில் உலோகம் கிடப்பது தெரிந்ததும், அங்கே முதலில் கோட்டை கட்டிய நாடும், பிறகு அதை விலைக்கு வாங்கிய நாடும் பழைய பத்திரங்களோடு திரும்பி வந்தன. தீர்ப்பாயம் ஒரே விதி சொன்னது: எந்த நாட்டின் ஆள் உயிரோடு அங்கே குடியிருக்கிறாரோ, அந்த நாட்டுக்கே பங்கு. எதிர்க்கொடியின் மிதப்பகத்தில் கால் வைத்தால் குடியிருப்பு ரத்து. அங்கிருக்கும் ஆளோடு பேசவும் கூடாது.

அங்கே இருந்தவர் சூசைமாணிக்கம். மூழ்கிய ஊர்க்காரர்களின் அகதி முகாம் பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஆறு வருடமாக, துணி காயப்போடும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு சரி.

இரண்டு நாளாக அவர் வெளியே வரவில்லை. அன்று நண்பகலில் குரல் மட்டும் வந்தது. "தண்ணி... யாராச்சும்..."

அவள் மேலாளரை அழைத்தாள். "சார், அவருக்கு உடம்பு முடியல. அவங்க ஆளுங்களுக்குச் சொல்லுங்க."

"தெரியும்மா. அவங்க படகு புயல்ல மாட்டிக்கிச்சு. நாளைக்குத்தான் வரும்." அவர் குரலைத் தணித்தார். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நாடி நின்னுட்டா துறைமுகம் முழுக்க நம்மளுது."

அம்சவேணி இணைப்பைத் துண்டித்தாள். குடிநீரும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள். எதிர் மிதப்பகத்தின் படியை மிதித்ததும் அவள் நாடியையும் இருப்பிடத்தையும் கண்காணித்த மணிக்கட்டுப் பட்டை ஒருமுறை அதிர்ந்து அணைந்தது.

சூசைமாணிக்கம் தரையில் கிடந்தார். உடம்பு கொதித்தது. அவளைப் பார்த்துப் பதறினார். "ஏம்மா வந்த? ஒன் வேலை போயிடுமே!"

"போயிடுச்சுண்ணே. வாயத் தொறங்க."

மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. பிறகு பேசினார்கள். மழை ஒழுகிய வகுப்பறை, அவர் மனைவியைப் புதைத்த மேடு, அவளுக்குக் கூடிவராமல் போன கல்யாணம். பழக்கம் விட்டுப்போன தொண்டை இருவருக்கும் கட்டிக்கொண்டது. அப்படியும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை இரண்டு படகுகள் வந்தன. ஒன்று அவருக்கு மருத்துவரோடு. இன்னொன்று அவளை ஏற்றிப்போக. அவருடைய நாட்டு அதிகாரி சிரித்த முகத்தோடு அவர் கையைக் குலுக்கினார். துறைமுகம் முழுவதும் இனி அவர்களுடையது.

"இவருக்குத் துணையா இன்னொரு ஆள வைங்க சார்" என்றாள் அம்சவேணி.

"எதுக்கும்மா? ஒருத்தர் போதும்னு விதியிலயே இருக்கு."

"நானும் இவங்களோட போயிடுறேன்" என்றார் சூசைமாணிக்கம்.

"ஒப்பந்தம் இன்னும் நாலு வருஷம் இருக்கே."

அவள் படகு நகர்ந்தது. சூசைமாணிக்கம் தள்ளாடியபடி விளிம்புவரை வந்து ஏதோ சொன்னார். அவளும் எழுந்து நின்று கத்தினாள். இனி அவர்கள் பேசுவதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. இயந்திர இரைச்சலில் இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை.