வெட்டி ஒட்டிய கண்கள்

1983 சித்திரையில் நானும் ராஜமேரியும் கடத்தூரில் அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். வாடகை பேசும் முன்பே நான் பார்த்தது பின்பக்கத்துத் தானிய அறையைத்தான். சன்னல் கிடையாது. கதவிடுக்கைக் கறுப்புத் துணியால் அடைத்தால் போட்டோ கழுவ நல்ல இருட்டறை. பெஞ்சு மேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், பக்கத்தில் மருந்து ஊற்ற மூன்று தட்டுகள், தலைக்கு மேல் சிவப்பு பல்பு. சேலம் ஸ்டுடியோவில் எட்டு வருஷம் எடுபிடியாக இருந்தவனுக்குச் சொந்தமாக ஒரு இருட்டறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இங்கதான் சாமி படம் மாட்டலாம்னு நெனச்சேன்," என்றாள் ராஜமேரி.

"சாமிக்கு வெளிச்சத்துல எடம் பாரு," என்றேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆடி மாதம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தீர்த்தகிரி என்ற விவசாயி ஆள் அனுப்பினார். அவர் மனைவி குள்ளம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். உயிரோடிருந்தபோது ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அப்படி நேர்ந்தால் பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படமெடுப்பார்கள். பிறகு, படத்தில் மூடிய இமைமேல் கண்ணை வரைந்து சட்டம் போடுவார்கள். கண் திறப்பது என்று அதற்குப் பெயர். நானும் போய் அப்படியே உட்காரவைத்துப் படமெடுத்தேன்.

"பதினாறாம் நாளுக்குள்ள கண்ணத் தொறந்து குடுத்துடுங்க, போட்டோக்காரரே," என்றார் தீர்த்தகிரி. "ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அம்மா எங்களப் பாக்கலன்னு அழுவுதுங்க."

எனக்குக் கண் வரைய வராது. சேலத்துப் பழைய முதலாளிக்கு வரும். மொரப்பூரில் ரயில் ஏறினால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் சண்டை போட்டுவிட்டு வந்த ஆளிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

எங்கள் கல்யாணப் படத்தில் ராஜமேரி கேமராவை நேராகப் பார்த்திருந்தாள். குள்ளம்மாள் முகத்தின் அளவுக்கே அவள் முகத்தைப் பிரிண்ட் போட்டேன். பிளேடால் இரண்டு கண்களையும் வெட்டியெடுத்து, பிணத்தின் இமைமேல் ஒட்டினேன். ஒட்டு தெரியாமலிருக்க அதைத் திரும்ப ஒருமுறை படமெடுத்தேன்.

ராஜமேரி பார்த்துவிட்டாள்.

"உசுரோட இருக்கறவ கண்ண எடுத்துச் செத்தவளுக்கு வைக்கலாமாங்க?"

"வெறும் காகிதம்டி. உன் கண்ணு உன்கிட்டதானே இருக்குது?"

மறுநாள் மதியம் அந்தப் புது நெகட்டிவைப் பெரிதாக்கி, காகிதத்தை டெவலப்பர் மருந்துத் தட்டில் போட்டேன். அறை முழுக்க மருந்தின் புளித்த நெடி. தட்டை ஆட்ட ஆட்டச் சளக், சளக்கென்று சத்தம். வழக்கமாக முதலில் தலைமுடி கறுப்பாக எழும்பும். முகம் பிறகுதான் வரும்.

அன்று கண்கள் வந்தன.

வெள்ளைக் காகிதத்தில் கண்கள் மட்டும்.

அவை தட்டை ஆட்டும் என் கையைப் பார்த்தன. கையை நகர்த்தினேன். கண்கள் கூடவே வந்தன.

மெல்ல ஒருமுறை இமைத்தன.

வெளியே சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"என்னங்க," என்றாள் ராஜமேரி, மெதுவாக. "கரண்ட் போயிடுச்சா?"

கதவைத் திறந்து ஓடினேன். சமையற்கட்டு முழுக்க உச்சி வெயில். அவள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் பட்டும் கறுக்காத அந்தப் படத்தை அப்போதே கிழித்திருக்க வேண்டும். பாவி நான் கிழிக்கவில்லை. பித்தமாயிருக்கும், படுத்து எழுந்தால் சரியாகும் என்று அவளிடம் சொன்னேன். படத்தைக் கழுவிக் காயவைத்து, சட்டம் போட்டுச் சொன்ன நாளில் கொடுத்தேன். நல்ல பெயரும் வாங்கினேன்.

தருமபுரியிலும் சேலத்திலும் கண் டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கோளாறே இல்லை என்றார்கள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது ராஜமேரி தானாகச் சிரித்தாள்.

"சின்னவ சோத்தக் கீழ தள்ளிட்டா. பெரியவ அடிக்கறா பாருங்க."

"எந்தச் சின்னவ?"

"எதுருல ஒக்காந்திருக்காளே. சட்டையில பொத்தானே இல்ல."

எங்களுக்குக் குழந்தை கிடையாது.

அடுத்த பஸ்ஸில் தீர்த்தகிரி வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலையோடு குள்ளம்மாள் படம். அதற்கு எதிரே தரையில் இரண்டு சிறுமிகள். சின்னவள் சட்டையில் பொத்தான் இல்லை. தரையில் சோறு சிந்திக் கிடந்தது.

நான் வாசலைத் தாண்டியதும் படத்திலிருந்த கண்கள் என் பக்கம் திரும்பின.

தீர்த்தகிரியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க வூட்டம்மாவுக்கு நீங்க இருக்கீங்க. இதுங்களுக்கு யாரு இருக்கா? அம்மா பாக்குதுன்னுதான் சோறே திங்குதுங்க. குடுக்க மாட்டேன், போங்க."

கிளம்பும்போதே பிளேடைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணாடியை உடைத்தேன். அந்தச் சிறுமிகள் பார்க்கப் பார்க்க, அவர்கள் தாயின் கண்கள் இரண்டையும் வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சின்னவள் அழவில்லை. படத்தில் இருந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ராஜமேரி வாசலில் நின்றிருந்தாள். நான் தெருமுனையில் திரும்பியதிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

"தெரியுதா, மேரி?"

"தெரியுதுங்க." அவள் பார்வை என் சட்டைப்பையில் நின்றது. "எம் புள்ளைங்க முன்னாலயா வெட்டுவீங்க?"

கையை உதறினாள். கழுத்து ஜெபமாலையைக் கழற்றி நிலைப்படியில் வைத்தாள். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில், யாரிடமும் வழி கேட்காமல் நடந்தாள். ராஜமேரி அந்த ஊருக்குப் போனதே இல்லை.

மறிக்க ஓடினேன்.

அப்போது இருட்டறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"என்னங்க, கதவத் தொறங்க. இருட்டா இருக்குது."

ராஜமேரியின் குரல்.

எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றேன். பிறகு கதவைத் திறந்தேன். உள்ளே பெஞ்சும் தட்டுகளும்தான். யாருமில்லை.

தீர்த்தகிரி வீட்டுக்குப் போனவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. சிறுமிகள் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் கறுப்புத் துணியைக் கிழித்தேன். சுவரை இடித்துச் சன்னல் வைத்தேன். கதவைக் கழற்றி விறகாக்கினேன். கடைசியில் கூரை ஓடுகளையும் பிரித்துவிட்டேன். இப்போது அந்த அறையில் பொழுது சாயும்வரை வெயில் அடிக்கிறது.

அந்த வெயிலுக்குள்ளிருந்து அவள் இன்னும் கேட்கிறாள்.

"எப்பங்க தொறப்பீங்க?"