மூக்கு குனிந்த கார்

1993. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலைச் சங்கு ஊதினால் சாலை முழுக்க சைக்கிள்களாகத்தான் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு, அங்கே ஒர்க்‌ஷாப் நடத்தும் லோகநாயகி அம்மாள் கஜபதியின் அறைக்கு வந்து சேர்ந்தார். கஜபதி, வாகன விபத்துகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விசாரிக்கிறவர். உதவியாளர் வசந்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த நாட்களின் எஞ்சின் எண்ணெய் வாசம்கூட அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"எங்க ஒர்க்‌ஷாப்புல புது காரோட கம்ப்யூட்டர் பெட்டியைக் காணோம் சார். மூணு வருஷ உழைப்பு. இன்னைக்கு மத்தியானம் கார் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. வாட்ச்மேன் சின்னப்பையனைப் போலீஸ்ல கொடுங்கன்னு எங்க எஞ்சினியர் நிக்கிறார்."

"கார் எங்கே இருந்தது?"

"நேத்து சாயங்காலம் அயனம்பாக்கத்துல சோதனை முடிஞ்சு டிரைவர் கொண்டாந்து விட்டார். அப்புறம் ஷெட்டுலதான்."

மூவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது கேட்டருகே தலைகுனிந்து நின்றார் சின்னப்பையன். பன்னிரண்டு வருஷ வேலை. வசந்தா குனிந்து காரைச் சுற்றி வந்தாள். முன் பம்பரின் அடியில் புதுச் சிராய்ப்பு.

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த டிரைவர் தேவராஜ் மறைக்கவில்லை. "ஏரிக்கரையாண்ட எருமை குறுக்கால வந்துச்சு சார். பிரேக்கை மிதிச்சேன். மூக்கு குனிஞ்சு கல்லுல தேச்சிக்கினு போச்சு. நான் இன்னா பண்றது?"

"இவன்தான் சார்," என்று வசந்தா கிசுகிசுத்தாள். கஜபதி எஞ்சினியர் ஜானகிராமனிடம் திரும்பினார்.

"அந்தப் பெட்டி என்ன செய்யும்?"

ஜானகிராமனின் முகம் மலர்ந்தது. "ஆக்டிவ் சஸ்பென்ஷன் சார். சாதாரண ஸ்பிரிங் குலுக்கலைத் தாங்கிக்கும், அவ்வளவுதான். இதுல கார் சாயறதை சென்சார்கள் கண்டுபிடிச்சுச் சொல்லும். பெட்டி அந்த நொடியே உத்தரவு போடும். வளைவுல வெளிப்பக்கம், பிரேக் போட்டா முன்பக்கம், எங்கே தாழுதோ அங்கே பம்பு எண்ணெயை ஏத்தி காரைத் தூக்கிப் பிடிக்கும்."

"பெட்டி இல்லாவிட்டால்?"

"வெறும் ஸ்பிரிங்குல எல்லாக் காரையும் போல ஓடும்."

"நேற்று டிரைவரிடம் கொடுத்தபோது இருந்ததா?"

"என் கையாலேயே மாட்டி, ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்து அனுப்பினேன்."

"அப்புறம் ஏரிக்கரையில் மூக்கு ஏன் குனிந்தது?"

ஜானகிராமனின் பார்வை பம்பரின் சிராய்ப்புக்குப் போனது. கஜபதியே தொடர்ந்தார்.

"ஷெட்டுக்கு வருமுன்பே பெட்டி இல்லை. ஆகவே வாட்ச்மேன் இல்லை. தேவராஜ் எடுத்திருந்தால் மூக்கு குனிந்ததை அவரே சொல்வாரா? குனியக் கூடாது என்பதே அவருக்குத் தெரியாது. மிச்சம் நீங்கள்தான்."

"குண்டும் குழியுமான ரோட்டுல பெட்டி குழம்பிப்போகுது சார்," என்றார் ஜானகிராமன் மெல்ல. "கார் குதிரை மாதிரி குதிக்குது. வர்றவங்க பார்த்தா எல்லாத்தையும் இழுத்து மூடிடுவாங்க. பெட்டியைக் காணோம்னா சரிபண்ண ஒரு மாசமாவது கிடைக்கும்னு நெனச்சேன். நேத்து டிரைவர்கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன், என் வீட்டுல இருக்கு."

லோகநாயகி அம்மாள் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "முதல்ல கேட்டுக்குப் போய் சின்னப்பையன்கிட்ட சொல்லுங்க," என்றார்.

சின்னப்பையன் முழுவதும் கேட்டார்.

"இன்னா சார் நீ. என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே எங்க ஊட்ல பத்திரமா ஒளிச்சி வெச்சிருப்பேனே."

ஜானகிராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.